இளைத்த உடம்பு, இணங்காத வயிறு

கொங்கு நாட்டுப் பந்தியில் அளவாகச் சாப்பிடுகிறவருக்கு நிம்மதி கிடையாது. இலையில் சோறு மிச்சமிருந்தால் பந்தி விசாரிக்கிறவர் விடமாட்டார். “ஏனுங் மாப்ள, ஒண்ணுமே தொடலீங்களே, ஒரு ஒப்புட்டாச்சும் வெச்சுக்கோங்” என்று கேட்டபடியே வைத்துவிட்டுப் போய்விடுவார். மரியாதைக்காக அந்த ஒப்புட்டையும் அதன்மேல் ஒரு டம்ளர் பாயசத்தையும் உள்ளே தள்ளிய மாப்பிள்ளை, சற்று நேரத்தில் சட்டை நனைய வியர்த்து, நெஞ்சு படபடக்க, மண்டபத்தின் பின்பக்கம் கழிப்பறையைத் தேடிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கிறவர்கள் முதலில் இதயத்தைத்தான் சந்தேகிப்பார்கள். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் எடை குறைக்க அவர் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டது வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சங்கதியாக இருக்கும். ஊரைப் பொறுத்தவரை அவர் நடந்தே இளைத்தவர்.

காவிரிக்கு அக்கரை பவானி, இக்கரை நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையம். லுங்கிக்கும் துண்டுக்கும் பேர்போன தறி ஊர். சளி, காய்ச்சலுக்கு உள்ளூர் கிளினிக், கொஞ்சம் பெரிதானால் ஈரோடு, சேலம். இந்த மாதிரி ஆபரேஷனுக்குப் பலரும் போவது நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கோவைக்கு. அங்கே துளைவழி அறுவை சிகிச்சைக்குப் பேர்பெற்ற ஜெம் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் சி. பழனிவேலுவே நாமக்கல் வட்டாரத்துக் கிராமத்தில் பிறந்தவர்தான். ஆபரேஷன் அங்கே சில மணி நேரம். அதற்குப் பிறகான சாப்பாடு, வாந்தி, வயிற்றுப்போக்கு, நெஞ்செரிச்சல் எல்லாம் ஆயுள் முழுக்க இங்கே. சிக்கல் பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்தியாவது இரண்டே சமயங்களில். ஒன்று, பெரிய மனிதர்கள் செய்துகொண்டால்: 2011இல் நிதின் கட்கரி, 2014இல் அருண் ஜெட்லி. இன்னொன்று, யாராவது இறந்துபோனால். 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைக்கு வந்து இந்தச் சிகிச்சையைத் தொடர்ந்து உயிரிழக்க, அரசு விசாரணை வரை போனது. தொலைக்காட்சிகள் சில நாள் இதையே பேசின. உடனே நடக்கும் மரணம் கண்ணுக்குத் தெரிகிறது. பிழைத்து, இளைத்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் குறைந்து நன்றாகவே இருக்கும் பெரும்பாலானவர்களில் ஒரு பகுதியினர் மூன்றாவது வருஷமோ ஏழாவது வருஷமோ “சாப்பிட்டாலே ஒரு மாதிரி இருக்கு” என்று மருந்துக்கடை வாசலில் நிற்பது யாருக்கும் செய்தியில்லை.

இந்தச் சிகிச்சையால் பலன் இல்லை என்பதல்ல பேச்சு. கட்டுக்கடங்காத சர்க்கரைநோயும் மூட்டுவலியும் உறக்கத்தில் மூச்சடைப்புமாக இருந்தவர்களை இது மீட்டிருக்கிறது. ஆனால் வயிற்றைத் திருத்திக் கட்டியபின் அது பழைய வயிறு இல்லை. பழைய வயிற்றுக்கான வைத்தியமும் அதற்கு ஒத்துவராது.

எந்த ஆபரேஷன்?

எடைக்குறைப்பு ஆபரேஷன் என்பது ஒன்றல்ல, ஒரு குடும்பம். இந்தியாவில் இன்று அதிகம் நடப்பவை மூன்று. முதலாவது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் நறுக்கி வெளியே எடுத்துவிட்டு, மீதியைக் குழாய்போல விட்டுவிடுவது. வெட்டியெடுத்ததை ஒருபோதும் திரும்ப வைக்க முடியாது. இரண்டாவது பைபாஸ். இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு முட்டையளவுக்குச் சின்னப் பை செய்து, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்துவிடுவார்கள். பெரிய இரைப்பை உள்ளேயே இருக்கும், சோறு மட்டும் அந்த வழி போகாது. 1960களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்தது இது. குடலை ஆங்கில ‘ஒய்’ எழுத்துபோல இணைக்கும் இன்றைய வடிவத்துக்கு சுவிஸ் நாட்டு மருத்துவர் செசார் ரூவின் பெயர் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது, 1997இல் ராபர்ட் ரட்லெட்ஜ் அறிமுகப்படுத்திய மினி பைபாஸ். இரண்டு இணைப்புக்குப் பதில் ஒரே இணைப்பு, நேரம் குறைவு. நம் நாட்டு மருத்துவர்கள் பலருக்கு இதில் பிடிமானம் உண்டு.

இவற்றுக்கெல்லாம் முந்தைய ஒரு பாட்டன் உண்டு. 1950களில் இரைப்பையைத் தொடாமல், சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டிப் போகும்படி இணைத்தார்கள். எடை சரசரவென்று இறங்கியது. கூடவே ஓயாத பேதி, சிறுநீரகக் கல், சிலருக்கு ஈரல் செயலிழப்பு. கடைசியில் அந்த ஆபரேஷனையே கைவிட்டுவிட்டார்கள். உணவை ஜீரணிக்கும் பாதையைச் சுருக்கினால் அதன் விலை வருஷங்கள் கழித்துத்தான் தெரியும் என்பது அப்போதே பட்டுத் தெரிந்த விஷயம்.

எந்த ஆபரேஷன் நடந்தது என்பது வெறும் பெயர் விவகாரமில்லை. ஒரே ஒரு உதாரணம் போதும். பைபாஸ் செய்துகொண்டவருக்குச் சாப்பிட்டவுடன் படபடப்பும் மயக்கமும் வந்தால், அரை மணி நேரம் படுத்துக்கொள்ளச் சொல்வார்கள். உணவு சற்று மெதுவாக இறங்கும். ஸ்லீவ் செய்து நெஞ்செரிச்சலோடு இருப்பவருக்கோ சாப்பிட்டதும் படுக்கவே கூடாது என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்த யோசனையை இவர் கேட்டால் இரவு முழுக்கத் தொண்டைவரை புளிப்பேறும்.

கரும்புச்சாறு குடித்தால்

கோடை வெயிலில் சாலையோரத்தில் ஒரு டம்ளர் கரும்புச்சாறு. சாதாரண வயிற்றில் அது முதலில் ஒன்றரை லிட்டர் பிடிக்கும் இரைப்பைக்குள் விழும். இரைப்பையின் அடிவாசலில் இருக்கும் தசைவளையம் காவலாளி மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே விடும். பைபாஸ் செய்தவருக்கு அந்தக் காவலாளியே இல்லை. இனிப்பு அத்தனையும் அப்படியே சிறுகுடலுக்குள் கொட்டும். அவ்வளவு அடர்த்தியான சர்க்கரையை நீர்க்கச்செய்ய, உடம்பு ரத்தத்திலிருந்து தண்ணீரை இழுத்துக் குடலுக்குள் விடுகிறது. குடல் உப்புகிறது, முறுக்குகிறது. ரத்த ஓட்டத்தில் நீர் குறைய இதயம் வேகமெடுக்கிறது. பத்து நிமிஷத்தில், அதிகம் போனால் அரை மணிக்குள் வியர்வை, தலைசுற்றல், வயிற்றைப் பிசைந்துகொண்டு பேதி. மருத்துவத்தில் இதற்கு டம்பிங் என்று பெயர். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் இது வருவதுண்டு.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. திடீரென்று ஏறிய சர்க்கரையைப் பார்த்து உடம்பு இன்சுலினை வாரி இறைக்கிறது. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து, சாறு குடித்ததே மறந்துபோன வேளையில், ரத்தச் சர்க்கரை மளமளவென்று சரிகிறது. கை நடுக்கம், பார்வை மங்கல், வெறிகொண்ட பசி. ஓடும் தறிமுன் நிற்கிறவருக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கும் இது விளையாட்டில்லை. இந்தப் பின்விளைவு ஆபரேஷன் ஆன உடனே அல்லாமல், பெரும்பாலும் ஒரு வருஷம் தாண்டித்தான் தலைகாட்டும். அதனால் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

அப்போது பக்கத்தில் இருப்பவர் செய்வது என்ன? “சுகர் இறங்கிடுச்சு” என்று இனிப்பான டீ, ஒரு பாக்கெட் பிஸ்கட், கைநிறைய மிட்டாய். சர்க்கரை மறுபடி ஏறும், மறுபடி இன்சுலின், மறுபடி சரிவு. நாள் முழுக்க இந்த ராட்டினம் சுற்றும். எடையும் திரும்ப ஏறத் தொடங்கும். அறிகுறி வரும் நேரத்தில் குளுக்கோமீட்டரில் குத்திப் பார்ப்பதுதான் சரி. 70க்குக் கீழே இருந்தால் இரண்டு மூன்று ஸ்பூன் சர்க்கரை போதும். அது ஏறியதும் ஒரு அவித்த முட்டையோ கொஞ்சம் கடலையோ சாப்பிட்டால் சர்க்கரை நிலைத்து நிற்கும். நினைவு தப்பினால் வீட்டு வைத்தியம் கூடாது, ஆஸ்பத்திரிதான். உணவை மாற்றியும் அடங்காதவர்களுக்கு அகார்போஸ் போன்ற மாத்திரைகள் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பு தின்ற சர்க்கரை மாத்திரையை அதே அளவில் இன்னும் தொடர்கிறாரா என்பதையும் மருத்துவர் முதல் கேள்வியாகக் கேட்கவேண்டும்.

நெஞ்செரிச்சலும் எண்ணெய்ப் பேதியும்

ஸ்லீவ்காரர்களின் பாடு வேறு. இரைப்பை குழாயாகிவிட்டதால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. அமிலம் போக இடமின்றி மேலே ஏறுகிறது. பின்லாந்தில் 2008 முதல் 2010 வரை 240 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஸ்லீவும் மற்றவர்களுக்கு பைபாஸும் செய்து பத்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் புண்ணாகியிருந்தவர்கள் பைபாஸ் பக்கம் நூற்றுக்கு 7, ஸ்லீவ் பக்கம் 31. தறி நகரங்களில் ராத்திரி ஷிப்டு முடித்து அகாலத்தில் சாப்பிட்டு உடனே சாய்கிறவருக்கு இது எவ்வளவு படுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன சிக்கனில் வரமிளகாய்தான் ராஜா. அதை இரவு பத்து மணிக்குத் தின்பது ஸ்லீவ் வயிற்றுக்குத் தண்டனை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வருஷக்கணக்கில் விழுங்குவதைவிட, ஒருமுறை எண்டோஸ்கோபி பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். மாத்திரைக்கும் அடங்காவிட்டால் ஸ்லீவை பைபாஸாக மாற்றும் இரண்டாவது ஆபரேஷன் உண்டு. பலருக்கு எரிச்சல் தணிந்திருக்கிறது.

மினி பைபாஸில் தாண்டிப்போகும் குடலின் நீளம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிரான்சில் 253 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. எடை குறைந்ததில் மினி பைபாஸ் பழைய பைபாஸுக்குச் சளைக்கவில்லை. ஆனால் இரண்டு மீட்டர் குடலைத் தாண்டவிட்டதால் பேதியும் சத்துக் குறைபாடும் அதிகம். இன்று பலர் ஒன்றரை மீட்டரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கொழுப்பு ஜீரணமாகாமல் வெளியேறும்போது மலம் வெளிறி, எண்ணெய் பூத்து, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதக்கும். நாற்றம் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியும். இதை வெட்கப்பட்டு மறைப்பவர்களே அதிகம். சொன்னால்தான் மருத்துவருக்குத் துப்புக் கிடைக்கும். இரைப்பையில் அமிலம் குறைந்து, குடலில் ஒரு பகுதி ஓட்டமில்லாமல் கிடக்கும்போது பாக்டீரியா அங்கே பெருகிக்கொள்வதும் உண்டு. உப்புசம், ஏப்பம், இரைச்சல் எல்லாம் அதன் கைங்கரியம். அதற்குத் தக்க ஆன்டிபயாடிக் இருக்கிறது. சிலருக்கு அதுவரை ஒத்துக்கொண்ட பாலே ஒத்துக்கொள்ளாமல் போகும். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும், செலவும் இல்லை. வயிறு கெட்டால் சாயப்பட்டறைத் தண்ணீரைத் திட்டுவது காவிரிக்கரை ஊர்களில் வழக்கம். அதில் நியாயம் இல்லாமலில்லை, ஆனால் இந்தப் பேதிக்கு ஆறு பொறுப்பல்ல.

கிளினிக்கில் நடக்கும் மூன்று தவறுகள்

முதல் தவறு, வலி மாத்திரை. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர் முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது இங்கே சர்வசாதாரணம். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகையறா பைபாஸ் வயிற்றில் பையும் குடலும் சேரும் தையலருகே புண் உண்டாக்கும். பீடி, சிகரெட் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அந்தப் புண் ஓட்டையாகும் வரைக்கும் போனவர்கள் உண்டு. வலிக்குப் பாரசிட்டமால் போதும். போதாவிட்டால் ஆபரேஷன் விவரத்தைச் சொல்லி மருத்துவரிடம் கேட்கவேண்டும்.

இரண்டாவது, குளுக்கோஸ் பாட்டில். விடாமல் வாந்தி என்று போனால் நம் ஊர் கிளினிக்கில் முதலில் ஏறுவது அதுதான். ஏற்றாவிட்டால் நோயாளியே கோபித்துக்கொள்வார். தயமின் என்ற பி1 வைட்டமின் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். சில வாரங்களாக வாந்தியெடுத்துக்கொண்டிருக்கும் எடைக்குறைப்பு நோயாளிக்கு அது காலியாகியிருக்கும். அந்த நிலையில் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால், அதை எரிக்க மிச்சமிருக்கும் துளி தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படும். பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், நினைவு தப்பும். முதலில் தயமின் ஊசி, பிறகு குளுக்கோஸ். ஊசி விலை மிகக் குறைவு. தவறினால் வரும் சேதம் சிலருக்கு நிரந்தரம்.

மூன்றாவது தவறு கண்டுபிடிக்கக் கஷ்டமானது. பைபாஸ் செய்து இரண்டு மூன்று வருஷம் கழித்து, சாப்பிட்டபின் மேல்வயிற்றில் சுரீரென்று பிடிக்கும் வலி, கொஞ்ச நேரத்தில் தானாகவே போய்விடும், பத்து நாள் கழித்து மறுபடி வரும். “கேஸுங்க” என்று சொல்லி ஒரு சோடாவோடு முடித்துவிடுவார்கள். குடலைத் திருப்பி இணைக்கும்போது அதைத் தாங்கும் சவ்வில் இடுக்குகள் உண்டாகின்றன. எடை இறங்க இறங்கச் சவ்விலிருக்கும் கொழுப்பும் கரைந்து இடுக்கு பெரிதாகும். அதற்குள் குடல் நுழைந்து முறுக்கிக்கொண்டால் மணிக்கணக்கில் ரத்த ஓட்டம் நின்று குடலே அழுகிப்போகலாம். அதனால்தான் இப்போது ஆபரேஷன் செய்யும்போதே இடுக்கைத் தைத்துவிடுகிறார்கள். அப்படியும் ஆபத்து முழுதாகப் போவதில்லை. முறுக்கு தானாக விலகிய நேரத்தில் எடுத்தால் சி.டி. ஸ்கேன்கூட ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். கர்ப்பிணிகளுக்குக் கருப்பை மேலே தள்ளும்போது இந்த ஆபத்து கூடும். வந்து வந்து போகும் வலியைப் பழைய ஆபரேஷனோடு பொருத்திப் பார்க்கும் ஒரு மருத்துவர் கிடைத்துவிட்டால் உயிர் தப்பியது. மளமளவென்று இளைத்தவர்களுக்குப் பித்தப்பைக் கல்லும் உருவாகும். கல் நழுவிப் பித்தக்குழாயில் அடைத்துக்கொண்டால், மற்றவர்களுக்கு வாய்வழி எண்டோஸ்கோபியில் எளிதாக எடுப்பார்கள். பைபாஸ்காரருக்கு அந்தப் பாதையே துண்டிக்கப்பட்டிருப்பதால் பெரிய மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னொன்று. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். கர்ப்பகாலச் சர்க்கரைநோயைப் பிடிக்க மிக நல்ல திட்டம். ஆனால் பைபாஸ் செய்துகொண்ட பெண்ணுக்கு அந்த ஒரு டம்ளர், கரும்புச்சாற்றைவிட மோசம். டம்பிங் வரும், ரத்த முடிவும் தப்பாகக் காட்டும். அவர்களுக்கு ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துவரும் முறை இருக்கிறது. செவிலியரிடம் “எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆயிருக்குங்க்கா” என்று சொல்லிவிட்டால் போதும். புகுந்தவீட்டுக்குத் தெரியாது என்பதால் வாய்மூடியிருக்கும் பெண்களை என்ன சொல்ல!

நாமக்கல்லில் இல்லாத முட்டையா?

சாப்பாட்டு விஷயத்தில் இந்த வட்டாரத்துக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். தமிழ்நாட்டுச் சத்துணவு முட்டைக்கே பெயர்பெற்ற மாவட்டம் இது. ஆபரேஷன் செய்தவருக்கு ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். முட்டை, கோழி, மேட்டூர் அணை மீன், கொள்ளு, பச்சைப்பயறு என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். சங்கடம் வரிசையில்தான். முதலில் சோறு, பிறகு இடமிருந்தால் முட்டை என்பது நம் பழக்கம். சின்னப் பையில் இரண்டு கவளம் சோற்றோடு இடம் தீர்ந்துபோகும். முட்டையும் பயறும் முதலில், காய் அடுத்து, சோறு கடைசியில் என்று இலையைத் தலைகீழாக்கவேண்டும். அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்த அரிசிபருப்புச் சோறு பலருக்கு ஒத்துக்கொள்கிறது. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிய சந்தகை ஒத்துக்கொள்ளாது. பரோட்டாவும் பேக்கரி பன்னும் மாவாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல், அரை மணி தள்ளிக் குடிப்பது நல்லது. குடிக்காமலே விட்டால் மலச்சிக்கல். ஒவ்வொரு வாயும் கூழாகும்வரை மெல்லவேண்டும். டீ நேரம் பத்து நிமிஷம் என்று அவசரப்படும் வேலையில் இதுதான் மிகக் கடினமான கட்டளை.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க. இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. டீயோடு போட்டாலும் அப்படித்தான். ஈரலில் பி12 சில வருஷத்துக்கு இருப்பு இருப்பதால், மாத்திரையை நிறுத்தியவருக்கு முதல் இரண்டு வருஷம் ஒன்றுமே தெரியாது. நாலாவது வருஷம் கால் மரத்துப்போகும்போது நரம்பு டாக்டரைத் தேடுவார்.

இத்தனைக்கும் ஆதாரம் டிஸ்சார்ஜ் சம்மரி என்ற அந்தத் தாள். எந்த ஆபரேஷன், எத்தனை சென்டிமீட்டர் குடல் தாண்டவிடப்பட்டது, சவ்வின் இடுக்கு தைக்கப்பட்டதா, பித்தப்பை இருக்கிறதா என்பதை உள்ளூர் மருத்துவருக்குச் சொல்லக்கூடியது அதுவும் ஆபரேஷன் குறிப்பும்தான். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தந்தாகவேண்டும். அதே விதி, உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும் என்கிறது. குடல் முறுக்கோ தையல் புண்ணோ ஐந்தாவது வருஷம் வந்தால், மருத்துவமனை அலமாரியில் அந்தக் கோப்பு இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பீரோவில் துணிக்கடியில் கிடக்கும் தாளை இன்றைக்கே போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவைக்கலாம். தாளே இல்லாதவர்கள் பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயிலிருந்தோ எண்டோஸ்கோபியிலிருந்தோ தொடங்கவேண்டியிருக்கும்; குழாயா, பையா, எத்தனை இணைப்பு என்பது வரை அதில் தெரிந்துவிடும், எத்தனை சென்டிமீட்டர் குடல் தாண்டவிடப்பட்டது என்பது தெரியாது.